ஐஸ் வைத்த ரத்தம்

பௌர்ணமி வந்தால் திருவண்ணாமலையில் எல்லாருக்கும் வியாபாரம், எங்கள் வரிசைக்கு மட்டும் ஈ ஓட்டுகிற வேலை. சுக்குக் காபி விற்கிறவன், விபூதிப் பொட்டலம் விற்கிறவன், செருப்பு பார்த்துக்கொள்கிறவன் என்று சகலரும் அன்றைக்குக் காசு பார்ப்பார்கள். மலை சுற்ற வந்த ஜனம் கறிக்கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்காது. நான் கோழிக்கடை. எனக்கு ஒட்டின கடை பரசுராமன் அண்ணனுடைய மீன்கடை. பௌர்ணமி தோறும் ரெண்டு பேரும் ஷட்டரை இறக்கிவிட்டு வாசலில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். எனக்கு வாய் ஜாஸ்தி, அண்ணனுக்குக் கம்மி. அதனால்தான் இத்தனை வருஷம் ஒத்துப்போனது.

அண்ணன் சாத்தனூர் அணை மீனைத் தவிர வேறு மீன் விற்க மாட்டார். கட்லா, ரோகு, ஜிலேபிக் கெண்டை. விடியறதுக்குள் அணைக்குப் போய், வலையிலிருந்து இறங்குகிற மீனைத் தன் பெட்டியிலேயே வாங்கி, அங்கேயே ஐஸ் போட்டு எடுத்து வருவார். கீழே ஐஸ் ஒரு படுக்கை, மீன், மேலே ஐஸ் ஒரு போர்வை, அதுக்கு மேல் ஈரச் சாக்கு. அந்த அடுக்கு வேலை அவருடைய வீட்டுக்காரி எல்லம்மாள் அண்ணியுடையது. அண்ணி அடுக்கின பெட்டியைச் சாயங்காலம் திறந்தாலும் மீன் செவுள் சிவப்பாகவே இருக்கும். "எங்க பொட்டில வெச்ச எதுவும் கெட்டதா சரித்திரம் கிடையாது" என்று அண்ணி சண்டைக்கு நிற்பாள். பொய்யில்லை. நானே விற்காத கோழியை அங்கேதான் கொண்டுபோய்ப் போடுவேன்.

அந்தப் பௌர்ணமி அன்றைக்கு அண்ணி ஊரில் இல்லை. மகள் எழிலரசியைக் கீழ்பென்னாத்தூரில் கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை அறிவுச்செல்வன் செய்யாறில் ஷூ கம்பெனியில் வேலை, வாரத்துக்கு ஒருதரம் வருவான். வேர்க்கடலை போட்டிருந்த நிலத்தையும் மாட்டையும் ரெண்டு வயசுக் குழந்தை கவிநிலாவையும் எழில்தான் பார்த்துக்கொண்டாள். அவளுக்கு ஜுரம் என்று அண்ணி துணைக்குப் போயிருந்தாள். மத்தியானம் அண்ணனுக்குப் போன் வந்தது.

"குமரேசா, வண்டி எடு. புள்ளைக்கு ஜுரம் ஜாஸ்தியாயிடுச்சாம். ஆஸ்பத்திரில சேத்துட்டாங்களாம். ஒங்க அண்ணி போன்ல அழுவுறா."

"அழுவாத அண்ணி ஆச்சேணா அது?"

"அதான் பயமாகீது."

அண்ணிக்கு மாத்துப்புடவை, தட்டு, டம்ளர், போர்வை எல்லாம் வேண்டும். பை கிடைக்கவில்லை. கழுவிக் காயவைத்திருந்த மீன்பெட்டியிலேயே போட்டு மூடி, மடியில் வைத்துக்கொண்டு என் பின்னால் உட்கார்ந்தார். ஊருக்குள் வருகிற ஜனத்துக்கு எதிர்த்திசையில் போனதால் சீக்கிரமே போய்விட்டோம்.

கீழ்பென்னாத்தூரில் சின்ன ஆஸ்பத்திரிதான். எழிலரசி கட்டிலில் குளிரில் உதறிக்கொண்டு கிடந்தாள். போர்வைக்கு மேல் போர்வை. வெளியே மண்டை பிளக்கிற வெயில். அண்ணன் கிட்டே போய் நெற்றியில் கையை வைத்தார்.

"நைனா, மீன் நாத்தம் அடிக்குது ஒன் மேல. தள்ளி நில்லு" என்றாள்.

"இன்னிக்குக் கடையே போடல மா."

"போடலன்னாலும் அடிக்கும். அது ஒடம்போட ஒட்டினது." சிரிக்கப் பார்த்தாள். பல் கிட்டிக்கொண்டது.

டாக்டரம்மா சின்ன வயசு. எங்களைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டு நிற்கவைத்தாள். "சிறுநீர்ல இருந்த கிருமி ரத்தத்துல கலந்துடுச்சு. பிரஷர் எறங்குது. இதுக்கு முன்னாடி என்ன மாத்திரை எடுத்தாங்க?"

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "எரிச்சல்னு சொல்லுவா. மெடிக்கல்ல சொன்னா குடுப்பாங்க. ரெண்டு வேள போட்டா நின்னுடும் மேடம். மறுபடி வரும், மறுபடி வாங்குவா. மல்லாட்ட புடுங்குற நேரம், ஆளு கெடைக்கல. வேலய வுட்டுட்டு எங்க ஆஸ்பத்திரிக்கு வர்றது?"

"அப்படி அரைகுறையாப் போட்டுப் போட்டுத்தான் கிருமி மருந்துக்குப் பழகிப் போவுது. பெரிய ஊசி போடப் போறேன். ஆனா இதுக்கும் மசியுமா மசியாதான்னு தெரியல. தெரியாம குருட்டுத்தனமா போட்டுட்டு இருக்க முடியாது. ஊசி போடறதுக்கு முன்னாடி ரத்தம் எடுத்துட்டேன். திருவண்ணாமலையில செங்கம் ரோட்டு லேப்ல புது மெஷின் வந்திருக்கு. முன்னல்லாம் மூணு நாலு நாள் ஆவும். இப்போ நாளைக்கே சொல்லிடுவாங்க, எந்த மருந்து கேக்கும், எது கேக்காதுன்னு. லேப் ஆளு தினம் வந்து வாங்கினு போவாரு. இன்னிக்குக் கூட்டத்துல வரமுடியாதுன்றாரு."

"குடுங்க மேடம். நாங்க எடுத்துனு போறோம்" என்றார் அண்ணன்.

நர்ஸ் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியைக் கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளே தேன் நிறத்தில் ஏதோ தண்ணி, அதில் எழிலரசியின் ரத்தம் கலந்து கறுத்திருந்தது. சீட்டை ரப்பர் போட்டுச் சுற்றியிருந்தாள். "ஒடையாம எடுத்துனு போங்க. கெட்டுப் போறதுக்குள்ள குடுத்துடணும்" என்றாள். அதற்குள் உள்ளேயிருந்து யாரோ கூப்பிட, ஓடிவிட்டாள்.

கெட்டுப் போறதுக்குள்ள. மீன்காரர்கள் வீட்டில் இந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். அண்ணி பெட்டியைக் கவிழ்த்துத் துணிமணியைக் கட்டிலடியில் தள்ளினாள். எதிரே ஜூஸ் கடைக்கு ஓடினாள். ஐஸ் கட்டியை வாங்கி வந்து வாசல்படியில் வைத்துக் கருங்கல்லால் நொறுக்கினாள். குப்பியை பிளாஸ்டிக் கவரில் போட்டு முடிந்தாள். கீழே ஒரு படுக்கை, குப்பி, மேலே ஒரு போர்வை, ஈரச்சாக்கு. காலையிலிருந்து அழுதுகொண்டிருந்தவளுக்கு அப்போதுதான் செய்ய ஒரு வேலை கிடைத்திருந்தது.

"நல்லா சுத்தி வெச்சியா?" என்றார் அண்ணன்.

"எனக்கே சொல்லித்தர்றியா நீ? ராத்திரி வரைக்கும் தாங்கும். போ."

நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கும் தப்பாகத் தெரியவில்லை. பரவாயில்லையே, அண்ணி உஷார் என்றுதான் நினைத்தேன்.

திண்டிவனம் ரோட்டில் ஊருக்கு வெளியிலேயே தடுப்புக் கட்டை போட்டு பஸ், வேன் எல்லாவற்றையும் மடக்கிக்கொண்டிருந்தார்கள். "வண்டி போவாது, ஓரங்கட்டு" என்று ஒரே சத்தம். வண்டியை ஒரு பஞ்சர் கடையில் போட்டோம். அண்ணன் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். அப்படியே ஊரைக் குறுக்கே கடந்து செங்கம் ரோட்டுக்குப் போக வேண்டும். ஜனமா அது! குழந்தையைத் தோளில் வைத்தவர்கள், கைகோத்துக்கொண்டு போகிற காலேஜ் பெண்கள், தெலுங்கு பேசுகிற கூட்டம், நடுரோட்டில் நின்று மலையைப் பார்த்துக் கும்பிடுகிறவர்கள். அண்ணன் தலையிலிருந்து ஐஸ் தண்ணி கழுத்து வழியாக முதுகில் இறங்கிக்கொண்டிருந்தது. எத்தனை கழுவினாலும் அந்தப் பெட்டிக்கு வாசனை போகாது. தண்ணி பட்டதும் அது எழுந்துகொண்டது.

"சிவ சிவா! பௌர்ணமியும் அதுவுமா மீனா? புத்தி கீதாய்யா ஒனக்கு?" என்று ஒரு அம்மாள் மூக்கைப் பொத்தினாள்.

"ஒன் வேலையப் பாத்துனு போம்மா" என்றேன். எனக்கு வந்த கோபத்துக்கு இன்னும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன்.

கூட்டம் சேர்ந்துவிட்டது. போலீஸ்காரர் ஒருத்தர் விசிலோடு வந்தார். "யோவ், எறக்கு பொட்டிய. தெற."

"தெறக்க மாட்டேன் சார். ஜில்லு வெளிய பூடும்."

"இன்னாய்யா கீது உள்ள?"

"எம் பொண்ணு ரத்தம் கீது சார்."

போலீஸ்காரர் ஒரு நிமிஷம் விழித்தார். நான் சீட்டைப் பற்றி, லேபைப் பற்றி மூச்சுவிடாமல் சொன்னேன். நல்ல மனுஷன். அதற்கப்புறம் விசிலை ஊதிக்கொண்டே எங்களுக்கு முன்னால் நடந்து, "வழி வுடுங்க, ஆஸ்பத்திரி அவசரம்" என்று கத்தி, செங்கம் ரோடு வரைக்கும் கொண்டுவந்து விட்டார். அண்ணன் தலைச் சுமையோடு அவருக்குக் கும்பிடு போட முயன்றார்.

லேபில் வினோதினி என்று ஒரு அம்மா பொறுப்பில் இருந்தாள். அண்ணன் பெட்டியை மேசைமேல் வைத்து, சாக்கை விலக்கி, ஐஸுக்குள் கையை விட்டு, முடிச்சை அவிழ்த்து, குப்பியை எடுத்துத் தன் வேட்டியிலேயே துடைத்துக் கொடுத்தார். அந்த அம்மா வாங்கினதும் முகம் மாறிவிட்டது.

"இதுக்கு யாரு ஐஸ் வெக்கச் சொன்னது?"

"எங்க வீட்டம்மாதான் வெச்சா. மீன் தொழிலு மேடம். எதையும் கெட்டுப்போவ வுடமாட்டோம்." மனுஷன் முகத்தில் அவ்வளவு பெருமை.

வினோதினி குப்பியைக் கைக்குள் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். திட்டப்போகிறாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், ஆறியிருக்கும்.

"ஐயா, மீன்ல கிருமி வளரக்கூடாதுன்னுதான ஐஸ் வெக்கிறீங்க? இதுல வளரணுங்க. உள்ள இருக்குற தண்ணி கிருமிக்குச் சாப்பாடு. ஒடம்பு சூட்டுல வெச்சா அது தின்னு பெருகும். போதுமான அளவு பெருகினா மெஷின் மணி அடிக்கும். அதுக்கப்புறம்தான் அத எடுத்து வேற டெஸ்ட்டு போட முடியும். அந்த டெஸ்ட்டு ஒரு மணி நேரத்துல சொல்லிடும், எந்த மருந்து வேலை செய்யாதுன்னு. ஆனா மொதல்ல வளரணும். இத்தன நேரம் ஜில்லுல கெடந்ததுல கொஞ்சம் செத்திருக்கும், மிச்சம் முடங்கிக் கெடக்கும். எப்ப எழுந்திருக்கும்னு சொல்ல முடியாது."

அண்ணனுக்குப் புரிய நேரம் பிடித்தது. "சூடு பண்ணா சரியாப் பூடாதா மேடம்?"

"இப்பவே வெச்சுடறேன் ஐயா. ஆனா போன நேரம் போனதுதான்."

அங்கேயே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். பெரிய ஊசி ஏறிவிட்டது, இனி எடுக்கிற ரத்தத்தில் மருந்து கலந்திருக்கும், கிருமி சரியாக வளராது, இருந்தாலும் எடுத்து அனுப்புகிறேன் என்று சொன்னாளாம். அந்த ரெண்டாவது குப்பியை அப்போதுதான் வந்து சேர்ந்த அறிவுச்செல்வன் சுற்றுவழியில் கொண்டுவந்து கொடுத்தான். அதில் கடைசிவரை கிருமி வளரவே இல்லை.

லேப் வாசல்படியில் அண்ணன் காலிப் பெட்டியோடு உட்கார்ந்துவிட்டார். எதிரே ஜனம் 'அரோகரா' என்று போய்க்கொண்டிருந்தது. யாரோ சாம்பார் சாதத் தொன்னையை அவர் கையில் வைத்துவிட்டுப் போனார்கள். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"குமரேசா, இத நீ யாராண்டயும் சொல்லாத. முக்கியமா எல்லம்மாக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா அவ உசுரோட இருக்கமாட்டா."

"சொல்லலணா."

"எம்மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன். வேறு என்ன செய்வது?

நாளைக்கே என்று சொன்ன நாள் வந்தது. மெஷின் மணி அடிக்கவில்லை. எழிலரசிக்கு மூச்சு வாங்கத் தொடங்கவே, டவுனில் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். அதே பெரிய ஊசி வேளாவேளைக்கு ஏறிக்கொண்டிருந்தது. கேட்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. அண்ணி கண்ணாடிக் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, வருகிற நர்ஸையெல்லாம் பிடித்துக் கேட்டாள்: "ரத்தம் இன்னா சொல்லுச்சுமா? நான் நல்லாப் பதமா அனுப்பினேன், கெட்டிருக்காது." அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். எனக்கு அங்கே நிற்கவே முடியவில்லை. டீ வாங்குகிற சாக்கில் வெளியே ஓடிவிடுவேன்.

ஒருதரம் உள்ளே விட்டார்கள். எழிலரசி கண்ணைத் திறந்து அண்ணனைப் பார்த்தாள். "நைனா, கொல்லியில மல்லாட்ட புடுங்கிட்டாங்களா? மழ வந்தா மொளச்சுப் பூடும்."

"புடுங்கியாச்சு மா. காயப் போட்டாச்சு" என்றார். ஒரு கடலைச் செடிகூடப் பிடுங்கவில்லை. மண்ணோடு கிடந்தது.

அடுத்த நாள் மத்தியானம் வினோதினியே போன் செய்தாள். மணி அடித்துவிட்டது, டெஸ்ட்டும் போட்டாகிவிட்டது. ஏறிக்கொண்டிருந்த ஊசி அந்தக் கிருமிக்குத் தண்ணி மாதிரி, ஒன்றும் செய்யாது. கேட்கிற மருந்து ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அது ஊருக்குள் எந்தக் கடையிலும் இல்லை. அறிவுச்செல்வன் வேலூருக்குப் பறந்து வாங்கி வந்தான். பொழுது சாயும்போது முதல் ஊசி போட்டார்கள். அதற்குள் சிறுநீர் நின்று போயிருந்தது. மறுநாள் காலையில் எழிலரசி செத்துப்போனாள்.

அவளை எடுத்துப்போக வண்டிக்குக் காத்திருந்தபோது அண்ணன் என்னை இழுத்துக்கொண்டு செங்கம் ரோட்டுக்குப் போனார். வினோதினி எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"ஒரே ஒண்ணு கேக்கணும் மேடம். ஐஸ் வெக்காம இருந்திருந்தா எம் பொண்ணு பொழச்சிருப்பாளா?"

"அத என்னால சொல்ல முடியாதுங்க ஐயா. அவங்க வர்றப்பவே ரொம்ப மோசமாத்தான் வந்திருக்காங்க. மருந்து பேரு ஒரு நாள் முன்னாடி தெரிஞ்சிருக்கும். அவ்ளோதான் எனக்குத் தெரியும்."

"இந்தக் கிருமி எங்கேந்து வந்துச்சு?"

"எங்கேந்து வேணா வந்திருக்கலாம். அரைகுறையாப் போட்ட மாத்திரை, ஆஸ்பத்திரி, தண்ணி, ஊசி போட்டு வளக்குற கோழி. யாரக் கைகாட்டறது?"

கோழி என்றதும் எனக்குச் சுருக்கென்றது. அந்த நேரத்தில் அதையெல்லாம் பேசவா முடியும்?

கருமாதி கீழ்பென்னாத்தூரில் நடந்தது. வாசலில் பந்தல். உள்ளே பொம்பளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள், அண்ணி நடுவில். வெயிலுக்கு மோர் கரைத்து அண்டாவில் வைத்திருந்தார்கள், பக்கத்தில் சாக்கில் சுற்றி ஐஸ் கட்டி. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரிடமும் அண்ணி ஒரே கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நான் அன்னிக்கு ஐஸ் வெக்கலன்னா அந்த ரத்தம் டவுன் போய்ச் சேர்றதுக்குள்ள நாறிப் போயிருக்கும்கா. இன்னா மருந்துன்னே தெரியாம செத்திருப்பா. கடசில கண்டுபுடிச்சாங்களே, அது நான் செஞ்சது. எம் பொண்ணுக்கு என்னால ஆனது அது ஒண்ணுதான்."

"ஆமா, ஆமா. பெத்தவ நீ செய்யாம யாரு செய்வா" என்றார்கள். அண்ணன் பந்தல் கால் அருகில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கதை அவளுக்குச் சோறு மாதிரி ஆகிவிட்டது. அதைச் சொல்லிவிட்டுத்தான் ஒரு வாய் மோர் குடிப்பாள்.

அப்போது வெள்ளையம்மாள் அரக்கப்பரக்க வந்தாள். அண்ணிக்குச் சித்தி மகள், பக்கத்து ஊர். கையில் மஞ்சள் பை.

"உக்காரக்கூட நேரமில்லக்கா. எங்க வூட்டுக்காரருக்கு ஜுரம், இங்கதான் அதே ஆஸ்பத்திரில சேத்துகீது. ரத்தம் எடுத்துக் குடுத்துகீறாங்க. அந்த செங்கம் ரோட்டு லேபுக்கு. இன்னிக்கு இன்னாவோ லேப் ஆளு வரலயாம். மூஞ்சியக் காட்டிட்டு இதே பஸ்ஸுல போலாம்னு வந்தேன்."

அண்ணி எழுந்துவிட்டாள். அத்தனை நாளில் அவள் தானாக எழுந்து நான் பார்த்தது அப்போதுதான்.

"இன்னாடி இது, வெறும் பையில எடுத்துனு போற? இந்த வெயிலுல? அறிவு கீதா? குடு இங்க." பையைப் பிடுங்கினாள். மோர் அண்டாவிடம் போய் சாக்கைப் பிரித்தாள். "யாருனா ஒரு டப்பா குடுங்க. அரிவாள எடுங்க, ஐஸ ஒடைக்கணும். நான் கட்டித்தர்றேன் பாரு, சாயங்காலம் வரைக்கும் அசையாது."

நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் என்னைப் பார்த்தார். அவருக்காகச் சத்தியம் செய்தவன் நான், என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. அண்ணி அரிவாள் பின்புறத்தால் முதல் அடி போட்டாள். ஐஸ் தெறித்தது. இரண்டாம் அடி.

அண்ணன் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனார்.

"எல்லம்மா, வெக்காத."

"ஏன்?"

"ஐஸ் வெக்கக்கூடாது. அது சூடாத்தான் இருக்கணும். ஐஸ் வெச்சா கிருமி வளராது. வளரலன்னா கண்டுபுடிக்க நேரம் ஆவும்."

"யாரு சொன்னது?"

"லேப்ல சொன்னாங்க. அன்னிக்கே சொன்னாங்க."

அரிவாள் அண்ணி கையிலேயே இருந்தது. புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் மனசுக்குள் ஒவ்வொன்றாகக் கோர்த்துக்கொண்டு போவது எங்களுக்கெல்லாம் வெளியே தெரிந்தது.

"அப்போ எழிலுக்கு லேட்டானது…"

"நீ ஐஸ் வெக்கலன்னாலும் பொழச்சிருப்பான்னு சொல்லமுடியாதுன்னு அந்த மேடம் சொன்னாங்க. சத்தியமா சொன்னாங்க. குமரேசன் கூட இருந்தான், கேட்டுப் பாரு."

அண்ணி என் பக்கம் திரும்பவில்லை.

"பொழச்சிருக்க மாட்டான்னு சொன்னாங்களா?"

அண்ணன் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அப்படி ஒரு பொய் சொல்லியிருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? எனக்கே நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதுவரை அவளிடம் மறைத்து வைத்ததிலேயே மனுஷனுக்கு இருந்த பலமெல்லாம் தீர்ந்துபோயிருக்க வேண்டும். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார்.

அண்ணி அரிவாளைக் கீழே வைத்தாள். ஈரக் கையைப் புடவையில் நன்றாகத் துடைத்தாள். பைக்குள்ளிருந்து குப்பியை எடுத்து வெள்ளையம்மாளின் இடுப்பில், சேலை மடிப்புக்குள், வயிற்றுச் சூடு படுகிற இடமாகப் பார்த்துச் செருகினாள்.

"இப்படியே எடுத்துனு போடி. எங்கயும் நிக்காத" என்றாள்.

வெள்ளையம்மாள் ரோட்டுக்கு ஓடினாள். பஸ் கிளம்புகிற சத்தம் கேட்கிறவரைக்கும் அண்ணி நின்றாள். அதற்கப்புறம் உடைத்த ஐஸின் மேலேயே உட்கார்ந்தாள். யார் எழுப்பியும் எழுந்திருக்கவில்லை.